கொல்லிமலை ஏற எந்தச் செயலி? வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சியில் தேர்வும் மாறுதலும்

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினாலும், எதிர்காற்று வீசும் நாளில் தொடை வலிக்குமே தவிர, ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஏறும் உழைப்பு உடலுக்குப் பழகுவதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏற ஆசைப்படும் சென்னைவாசிக்கு, 14 வளைவுகள் கொண்ட ஏலகிரியே 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது, வாரநாள்களில் கைகொடுப்பது வீட்டு அறையில் நிற்கும் ஸ்மார்ட் ட்ரெய்னர்தான்; சைக்கிளை அதில் பொருத்தி மிதித்தால், செயலி சொல்வதற்கு ஏற்ப அது மிதியை இறுக்கும், தளர்த்தும். ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் அந்தத் தேவையை இன்னும் கூட்டுகின்றன.

ட்ரெய்னரை வாங்கிவிட்டு எந்தச் செயலிக்குச் சந்தா கட்டுவது என்று யோசிப்பவர்களையும், ஒன்றில் இருந்துகொண்டே மற்றொன்றுக்கு மாறலாமா என்று தயங்குபவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளில் மூன்று செயலிகளுக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். ஒன்றை இலவசமாகப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு முறை மாறும்போதும் எதையாவது இழந்திருக்கிறேன். பெரும்பாலும் அது செயலியின் குறையாக இல்லாமல் என் அவசரத்தின் விளைவாகவே இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மிதிக்கும் திறனை வாட் கணக்கில் சொல்கிறோம்; 200 வாட் எந்தச் செயலியிலும் 200 வாட்தான். அதை அளப்பது ட்ரெய்னரே அன்றிச் செயலி அல்ல. ஆகவே ஒரு செயலி மற்றொன்றைவிட உடலை வலுப்படுத்தும் என்ற விளம்பரப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, அதிகாலை 5 மணிக்கு நம்மைச் சீட்டில் உட்காரவைப்பதும் 40ஆவது நிமிடத்தில் இறங்கிவிடாமல் தடுப்பதும் எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது கூட்டம், சிலருக்கு அட்டவணை, சிலருக்குக் கண்முன் ஓடும் சாலை. சந்தைக்கு வந்துள்ள செயலிகள் அனைத்தும் இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றையே முதன்மையாக விற்கின்றன.

கூட்டத்தை விற்பதில் முன்னணியில் இருப்பது ஸ்விஃப்ட். எழுத்தில் காரின் பெயரைப் போலத் தெரிந்தாலும், இது கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரிலிருந்து 2014இல் வெளிவந்த மெய்நிகர் உலகம். வட்டோப்பியா என்ற கற்பனைத் தீவில், உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டிருப்பார்கள்; முன்னால் செல்பவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றுத் தடை குறைவதைக்கூட அது கணக்கில் கொள்கிறது. இந்தியாவில் அதிகாலை 5 மணி என்பது குளிர்காலத்தில் நியூயார்க்கில் முந்தைய நாள் மாலை 6.30. அலுவலகம் முடித்து வந்த அமெரிக்கர்கள் ட்ரெய்னரில் ஏறும் நேரம் அது என்பதால், நம் விடியற்காலையில் பந்தயங்களுக்கும் குழுச் சவாரிகளுக்கும் பஞ்சமே இருப்பதில்லை. தனியே மிதிக்கும்போது 30 நிமிடத்தில் சலித்துப்போகும் நான், அங்கே யாரோ ஒருவரைப் பின்தொடர்ந்து ஒன்றேகால் மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்.

மலைக்குத் தயாராகிறவருக்கு அதில் உள்ள பெரிய ஈர்ப்பு, பிரான்ஸின் ஆல்ப் துவேஸ் மலைச் சாலையை ஒட்டி உருவாக்கப்பட்ட ஆல்ப் டு ஸ்விஃப்ட். 12.2 கிலோமீட்டரில் 1,036 மீட்டர் உயரம் ஏற வேண்டும், வளைவுகள் 21, சராசரிச் சரிவு 8.5 சதவீதம். நான் முதன்முறை ஏற 1 மணி 11 நிமிடம் ஆயிற்று. அந்த மகிழ்ச்சியில் கொல்லிமலையை எளிதாக எண்ணிக்கொண்டு போனபோது, இருபதாவது வளைவைத் தாண்டுவதற்குள் கால்கள் இறுகிவிட்டன. காரணத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் தேடிக் கண்டேன்.

அந்தச் செயலியின் அமைப்புகளில் 'ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி' என்று ஒரு நகர்த்தி இருக்கிறது. நாம் தொடாவிட்டால் அது 50 சதவீதத்தில் நிற்கும். அதாவது திரையில் 8 சதவீதச் சரிவு தெரியும்போது ட்ரெய்னர் நமக்கு உணர்த்துவது 4 சதவீதத்தைத்தான். இதனால் ஏற்றம் பொய்யாகிவிடுவதில்லை. மேலே போய்ச் சேர அதே வாட்டை, அதே நேரத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மாறுவது கியரும் மிதிவேகமும். உண்மையான மலையில் என் நிலை இதுதான்: உடல் எடை 72 கிலோ, சைக்கிள் 10 கிலோ, முன் பற்சக்கரத்தில் 34 பல், பின் பற்சக்கரத்தில் 28 பல். 8 சதவீத ஏற்றத்தில் 200 வாட் கொடுத்தால் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மிதிகள் நிமிடத்துக்கு 67 சுற்றுக்கு மேல் சுழலா. வீட்டில் அதே 200 வாட்டை 90 சுற்றில் கொடுத்துப் பழகியிருந்தேன். வாட் ஒன்றே ஆனாலும், 67 சுற்றில் ஒவ்வொரு மிதியிலும் விழும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடுதல். என் நுரையீரல் தயாராக இருந்தது, தொடைத் தசை தயாராக இல்லை. நகர்த்தியை 100 சதவீதத்துக்குத் தள்ளிய பிறகு அதே ஆல்ப் வேறு மலையாகிவிட்டது. மலையேற்றத்துக்காக இச்செயலியைத் தேர்பவர் முதல் நாளே செய்ய வேண்டிய மாற்றம் இது.

அட்டவணையை விற்பதில் ட்ரெய்னர்ரோடு என் பார்வையில் முதலிடம் வகிக்கிறது. 2011இல் தொடங்கப்பட்ட இதில் தீவும் இல்லை, கூட்டமும் இல்லை. திரையில் நீலக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கட்டத்தின் உயரமும் எத்தனை வாட் என்பதையும், அகலம் எத்தனை நிமிடம் என்பதையும் சொல்லும். சாதாரணக் கைபேசியிலேயே ஓடும் என்பதால் நல்ல கிராஃபிக்ஸ் உள்ள கணினிக்காகத் தனியே செலவழிக்க வேண்டாம். கொல்லிமலைக்குப் போகும் நாளையும், வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட்டால் அது மாதக்கணக்கில் திட்டம் வகுத்துத் தரும். 2021இல் வந்த தகவமைப்புப் பயிற்சி முறைக்குப் பிறகு, ஒரு பயிற்சியை முடித்ததும் 'எளிதா, கடினமா, மிகக் கடினமா' என்று கேட்டு, விடைக்கு ஏற்ப அடுத்தடுத்த பயிற்சிகளை மாற்றிக்கொள்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் இடத்தில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. சென்னையின் புழுக்கத்தில் மின்விசிறி போதாத அறையில் ஒரே வாட்டை அரை மணி நேரம் பிடித்தால், உழைப்பு கூடாமலேயே இதயத் துடிப்பு ஏறிக்கொண்டு போகும். வியர்வை தரையில் சொட்டுமே தவிர ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அப்படி ஒரு நாள் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு 'முடியவில்லை' என்று பதிவுசெய்தால், தோற்றது வெப்பத்தினாலா வலுவின்மையினாலா என்று செயலிக்கு எப்படித் தெரியும்? அது திட்டத்தைத் தளர்த்திவிடும். கூரை விசிறியை நம்பாமல், நெஞ்சுக்கு நேராக வீசும் பெரிய நிலைவிசிறி ஒன்றை வாங்குவது எந்தச் செயலியின் இரண்டு மாதச் சந்தாவையும்விடப் பயன் தரும் என்று நான் துணிந்து சொல்வேன்.

இங்கே எர்க் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இம்முறையில் செயலி குறித்த வாட்டை ட்ரெய்னரே பிடித்துவைக்கும். நாம் மெதுவாக மிதித்தால் இறுக்கம் கூடும், வேகமாக மிதித்தால் குறையும். இடைவெளிப் பயிற்சிகளுக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் களைத்துப்போய் மிதிவேகம் விழத் தொடங்கினால், இறுக்கம் கூடி, அதனால் வேகம் மேலும் விழுந்து, கடைசியில் மிதி அசையாமல் நின்றுவிடும். மலையில் யாரும் நமக்காக வாட்டைப் பிடித்துவைப்பதில்லை. முதல் பத்து வளைவுகளில் ஆர்வத்தில் அதிகம் செலவழித்துவிடாமல் அடக்கி ஓட்டும் பக்குவத்தை எர்க் முறை கற்றுத் தராது. ஆகவே அட்டவணைச் செயலியைத் தேர்பவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது எர்க்கை அணைத்துவிட்டு, அல்லது எர்க்கிலேயே வேண்டுமென்று 60 முதல் 65 சுற்றில் மிதித்து, மலையின் கனத்தைக் காலுக்குக் காட்டுவது அவசியம்.

சாலையை விற்பவற்றில் செக் நாட்டின் ரூவியைச் சொல்லலாம். உண்மையான சாலைகளின் காணொளிமேல் நம் உருவத்தை ஏற்றி, சரிவுக்கு ஏற்ப ட்ரெய்னரை இறுக்கும் அது, கற்பனைத் தீவுகளைப் பொம்மை விளையாட்டாகக் கருதுபவர்களுக்குப் பொருத்தமானது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது நேரம் போவது தெரிவதில்லை. இதே வகையைச் சேர்ந்த ஃபுல்காஸ் செயலியை அந்நிறுவனம் 2024இல் வாங்கிக்கொண்டது. இந்தப் பிரிவில் எனக்கு உள்ள ஏக்கம் வேறு. ஆர்.ஜி.டி. என்ற செயலியில், நாம் விரும்பும் எந்தச் சாலையின் வழித்தடத்தையும் ஜி.பி.எக்ஸ். கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால், சற்று நேரத்தில் அதே ஏற்ற இறக்கங்களோடு மெய்நிகர் சாலை தயாராகிவிடும். கொல்லிமலையை மயிலாப்பூரில் உட்கார்ந்து ஏற அதைவிடச் சிறந்த வழி இருந்ததில்லை. ட்ரெய்னர் தயாரிக்கும் வாஹூ நிறுவனத்தின் கைக்கு வந்த அது 2023 அக்டோபர் முடிவில் மூடப்பட்டது. செயலி என்பது வாடகை வீடு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே வாஹூவின் சிஸ்டம் என்ற செயலி, நகைச்சுவையும் வேதனையும் கலந்த காணொளிகளுக்குப் பெயர்பெற்ற பழைய சஃபர்ஃபெஸ்ட் செயலியின் வாரிசு. ஐந்து விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம் என நான்கு அளவுகளில் உடலைச் சோதிக்கும் அதன் முறை பாராட்டத்தக்கது. எனினும் மலையேற்றம் ஒன்றையே குறியாகக் கொண்டவருக்கு இந்நான்கும் தேவைப்படுவதில்லை என்பதால் அதைக் கடந்துசெல்கிறேன்.

பணம் தடையாக இருப்பவர்களுக்கு மைவூஷ் இருக்கிறது. அபுதாபியைச் சேர்ந்த இது முழுக்க இலவசம். 2024இல் மின்விளையாட்டுச் சைக்கிள் உலகப் போட்டி இதில்தான் நடந்தது. பயிற்சித் திட்டங்கள், குழுச் சவாரிகள், பணப்பரிசுப் பந்தயங்கள் எல்லாம் உண்டு. அபுதாபியின் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரமே பின்தங்கியது என்பதால் அங்கத்திய மாலை நிகழ்ச்சிகள் நமக்கும் தோதாக அமைகின்றன. சாதாரண நாள்களில் சாலையில் கூட்டம் குறைவாக இருப்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலவசமாக எத்தனை நாள் தருவார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை. தரும்வரை ஓட்டுவதில் இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

பணத்தைப் பற்றிப் பேசும்போது, ஸ்விஃப்டின் மாதச் சந்தா 2024இல் 14.99 டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்ந்ததை நினைவில் கொள்ள வேண்டும். அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 1,700 ரூபாய்; வெளிநாட்டுப் பணமாற்றத்துக்காக வங்கி அட்டை பிடித்துக்கொள்ளும் தொகை தனி. ஆண்டுச் சந்தா 199.99 டாலர் என்பதால் பத்து மாதத்துக்கு மேல் ஓட்டுபவருக்கே அது லாபம். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். இம்முறையில் இணையாத வெளிநாட்டு நிறுவனங்களின் மாதச் சந்தா திடீரென்று நின்றுபோவதும் உண்டு. அறிவிப்பு வந்தால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். கைபேசியிலிருந்து நீக்கிவிட்ட ஒரு செயலிக்கு நான் இரண்டு மாதம் பணம் கட்டியிருக்கிறேன். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நீக்கிய கையோடு மறந்துவிட்டேன்.

தேர்வைவிட மாறுதல்தான் கவனம் கேட்பது. முதல் பொறி எஃப்.டி.பி., அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட் அளவு. எல்லாப் பயிற்சிகளும் இந்த ஓர் எண்ணின் சதவீதமாகவே வகுக்கப்படுகின்றன. ஆனால் அதைக் கண்டறியும் வழி செயலிக்குச் செயலி மாறும். படிப்படியாக வாட்டை ஏற்றிக்கொண்டுபோகும் ராம்ப் சோதனையில் என் கடைசி ஒரு நிமிடச் சராசரி 284 வாட். அதில் 75 சதவீதம் என்று கணக்கிட்டு 213 என்றது செயலி. பத்து நாள் கழித்து வேறொன்றில் செய்த 20 நிமிடச் சோதனையில் சராசரி 212. அதில் 95 சதவீதம் 201. குறுகிய நேர வேகத்தில் கெட்டிக்காரர்களை ராம்ப் சோதனை சற்றே தூக்கிக்காட்டும். நான் அந்த வகை. 213ஐ அப்படியே புதிய செயலியில் எழுதியிருந்தால், '95 சதவீதத்தில் இருபது நிமிடம் இரண்டு முறை' என்ற பயிற்சி எனக்கு 202 வாட்டில் வந்து நின்றிருக்கும்; அது என் உண்மையான எல்லையே. மேலும், பயிற்சிச் சுமையைக் காட்டும் டி.எஸ்.எஸ். கணக்கு எஃப்.டி.பி.யின் வர்க்கத்தால் வகுக்கப்படுவதால், ஒரே சவாரிக்கு 201ஐ வைத்துக் கிடைக்கும் மதிப்பெண் 213ஐ வைத்துக் கிடைப்பதைவிட 12 சதவீதம் அதிகமாக இருக்கும். மாறிய வாரத்தில் வரைபடம் திடீரென்று எகிறினால் உடல் வலுவாகிவிட்டதாக மகிழ வேண்டாம்.

இரண்டாவது, பதிவுகள். ஒவ்வொரு சவாரியும் ஃபிட் என்ற வடிவக் கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. அது நம்முடையது, எங்கும் எடுத்துச் செல்லலாம். செயலிக்குள் சேர்த்த நிலைகள், பரிசாகக் கிடைத்த மெய்நிகர் சைக்கிள்கள், முன்னேற்றப் படிகள் ஆகியவை வரமாட்டா. பலர், சவாரிகளைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியையே பொதுக் களஞ்சியமாக நம்புகிறார்கள். 2024 நவம்பரில் அந்நிறுவனம் விதிகளைத் திருத்தி, தன் வழியாகப் பெறும் தரவைப் பிற செயலிகள் உரியவருக்கு மட்டுமே காட்டலாம் என்று கட்டுப்படுத்தியபோது, பயிற்சியாளர்களுக்குத் தரவைக் காட்ட ஸ்ட்ராவாவைப் பாலமாக வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். நான் இன்டர்வல்ஸ் ஐசியூ என்ற இலவசத் தளத்தில் கணக்கு வைத்துக்கொண்டு, நேரடியாக இணைக்க முடியாதவற்றின் ஃபிட் கோப்புகளை வாரம் ஒரு முறை கையாலேயே ஏற்றிவிடுகிறேன். எந்தச் செயலி வந்தாலும் போனாலும் என் நான்கு ஆண்டு நாட்குறிப்பு ஒரே இடத்தில் இருக்கிறது.

மூன்றாவது சில்லறை விவகாரம்தான், ஆனால் காலைப் பொழுதைக் கெடுக்கவல்லது. புதிய செயலிக்கு மாறிய மறுநாள் 5 மணிக்கு உடை மாற்றி, தண்ணீர் நிரப்பி, சீட்டில் ஏறி உட்கார்ந்தால், மடிக்கணினி 'ட்ரெய்னர் இல்லை' என்கிறது. செருகியைப் பிடுங்கிப் போட்டேன், கணினியை அணைத்து ஏற்றினேன். இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் பார்த்தால் படுக்கையறையில் சார்ஜில் கிடந்த கைபேசியில் பழைய செயலி பின்னணியில் விழித்திருந்து ட்ரெய்னரைப் பிடித்துவைத்திருந்தது. பழைய ட்ரெய்னர்கள் பலவும் புளூடூத்தில் ஒரு நேரத்தில் ஒரே கருவிக்குத்தான் செவிசாய்க்கும். ஆன்ட் பிளஸ் என்ற மற்றொரு கம்பியில்லா முறையிலோ எத்தனை கருவிகளும் கேட்கலாம். இரண்டு செயலிகளைச் சேர்த்து ஓட்டுபவர்கள், அட்டவணைச் செயலிக்கு மட்டும் ட்ரெய்னரைக் கட்டுப்படுத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டு மெய்நிகர் உலகை வாட்டைப் படிக்க மட்டும் அனுமதிக்க வேண்டும். சவாரி முடிந்ததும் இரண்டும் தனித்தனியே பதிவேற்றி ஒரு மணி நேர உழைப்பை இரண்டாகக் காட்டும் என்பதால் ஒன்றை உடனே அழித்துவிட வேண்டும்.

எப்போது மாறுவது? இலக்கு நாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மாறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய எஃப்.டி.பி., புதிய திட்டம், புதிய சலிப்பு ஆகியவற்றை உடல் ஏற்றுக்கொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஓய்வு வாரத்தில் மாறி, பழைய சந்தா முடியும் முன் இரண்டு வாரம் இரண்டையும் ஓட்டிப்பார்ப்பது செலவானாலும் பாதுகாப்பானது. பெரும்பாலானவை ஓரிரு வார இலவசத் தவணை தருகின்றன. அதைத் தீபாவளி வாரத்தில் தொடங்கி வீணாக்காமல், வழக்கமான பணி வாரத்தில் பயன்படுத்த வேண்டும்.

தை மாதக் கொல்லிமலைக்கான என் ஏற்பாடு இப்படி இருக்கிறது. கோடை முழுவதும் மைவூஷ். அக்டோபர் முதல் ட்ரெய்னர்ரோடு திட்டத்தில் செவ்வாயும் வியாழனும். மழை விட்ட ஞாயிறுகளில் கடற்கரைச் சாலை. நவம்பர், டிசம்பர் என்ற இரண்டு மாதத்துக்கு மட்டும் ஸ்விஃப்டைச் சேர்த்துக்கொண்டு, நகர்த்தியை 100இல் வைத்து, சனிக்கிழமை ஆல்ப். இரண்டு சந்தா ஒரே நேரத்தில் என்பது ஆடம்பரம்தான். ஒன்றுதான் முடியும் என்பவர், அட்டவணையைத் தானே எழுதிப் பின்பற்றும் கட்டுப்பாடு உள்ளவராக இருந்தால் ஸ்விஃப்டையும், இல்லாவிட்டால் ட்ரெய்னர்ரோடையும் எடுத்துக்கொள்ளலாம். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் டிசம்பர் 28ஆம் தேதித் தாளின் ஓரத்தில் 'சந்தாவை நிறுத்து' என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்கும் பொறுப்பு என் மனைவியுடையது என்பதால் இந்த முறை மறக்க வாய்ப்பில்லை.